தவறவே தவறாத மைக்

ஜூலை 4, வெள்ளி

கோட்டாட்சியர் எங்கள் மனுவைத் தள்ளுபடி செய்யவில்லை! முத்துக்கடல் அடுக்ககத்தின் நலச்சங்கச் செயலாளர் நாறும்பூநாதன் என்ற முறையில் இந்தச் செய்தியை நானே என் கையால் லிஃப்டுக்குள் ஒட்டினேன். லிஃப்ட் இன்று ஓடவில்லை. ஓடும்போது படித்துக்கொள்வார்கள்.

எதிர்மனுதாரர், எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் ராஜகனி மஹால். அதன் மாடியில் நான்கு குழாய் ஸ்பீக்கர்கள். மூன்று எங்களைப் பார்க்கின்றன. ஒன்று கடலைப் பார்க்கிறது, மீன்களுக்கும் கல்யாணச் செய்தி போகவேண்டும் என்பதற்காக இருக்கலாம். கோட்டாட்சியர் சொன்னது இவ்வளவுதான்: "சத்தம் ஜாஸ்தின்னு எல்லாரும்தான் சொல்றாங்க. நம்பகமான கருவி வச்சு மாசக்கணக்கில அளந்து கொண்டு வாங்க. டிசம்பர்ல விசாரிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து பிரமுவிடம் சொன்னேன். என் மனைவி பிரம்மசக்தி, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள், பதிலும் சொன்னாள். மஹாலில் வரவேற்பு நடந்துகொண்டிருந்ததால் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் போட்டோவுக்கு நின்ற இடைவெளியில் திரும்பச் சொன்னாள்:

"கார்த்திகை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தச் சத்தம் நிக்கலன்னா தென்காசிக்கு மாறுதல் கேட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க இங்கயே இருங்க, உங்க சங்கத்தோட."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். விளையாட்டாகச் சொல்லும்போது அவள் சிரிப்பது வழக்கம். இன்று களைப்பு போலிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

சங்கத் தலைவர் சந்தியாகு வாஸ், கப்பலில் எஞ்சினியராக உலகம் சுற்றியவர். "கைபேசியிலயே அளந்துரலாம் வே" என்றார். மொட்டை மாடியில் நின்று ஒரே நாதஸ்வரத்தை மூன்று கைபேசிகளில் அளந்தோம். அவருடையது 71 டெசிபல் என்றது. என்னுடையது 83. அவர் மருமகனுடையது 64 காட்டிவிட்டு, ஒரு புடவைக்கடை விளம்பரத்தையும் காட்டியது.

"மூணையும் கூட்டி மூணால வகுப்போமா?" என்றார் வாஸ்.

பிரமு அப்போது துணி எடுக்க வந்திருந்தாள். "மூணு தப்பைக் கூட்டி வகுத்தா சராசரித் தப்புதான் அண்ணாச்சி கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

அளவீட்டு மைக் என்று தனியாக ஒன்று இருக்கிறதாம். படிக்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

என்ன ஒரு உலகம்! ஐம்பத்திரண்டு வயதுவரை இது தெரியாமல் துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு புரட்டியிருக்கிறேன்.

அந்த மைக்கின் தலைக்குள் ஒரு உலோகச் சவ்வு இருக்கிறது. முடியைவிட மெல்லியது. பறை மேல் தோலை இழுத்துக் கட்டுவதுபோல இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டிய இழுவை வருடக்கணக்கில் தளராமல் இருந்தால்தான் அளவு மாறாமல் இருக்கும். அதற்காக, நல்ல கம்பெனிகள் அதை ஆலையிலேயே நாள்கணக்கில் சூட்டில் வைத்து, தளர வேண்டியதெல்லாம் அங்கேயே தளர்ந்து முடிந்தபிறகுதான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். அதாவது, வாழ்க்கையின் ஏமாற்றங்களையெல்லாம் முன்கூட்டியே அனுபவித்து முடித்த மைக். இனி எதற்கும் அசையாது.

இதைப் பிரமுவிடம் உருக்கமாகச் சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் ஆயிட்டிருக்கு" என்றாள். அவளுக்கும் இதில் ஆர்வம் வந்திருப்பது மகிழ்ச்சி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செயற்குழு. மூன்று மைக்குகளின் விவரத்தை முன்வைத்தேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோலவே நடந்தது.

முதலாவது, பாட்டுப் பதிவுக்கூடத்து மைக். பார்க்க லட்சணம். ஆனால் கேட்பவர் மனம் குளிர, இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைத்துச் சொல்லும் பழக்கம் உண்டு. "தரகர் குணம். வேண்டாம்" என்றார்கள்.

இரண்டாவது, அளவுக்கென்றே செய்தது, விலை குறைந்தது. வந்த புதிதில் ஒழுங்காக இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் குணம் மாறும் என்று வாங்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம்மூர் உப்புக்காற்றில் இரும்புக் கதவே ஆறு மாதத்தில் உதிர்கிறது.

மூன்றாவது, ஐரோப்பிய மைக். சூட்டில் பழுத்தது. ஈரக்காற்றைத் தாங்கும். சவ்வுக்குப் பின்னால் மின்னேற்றம் நிரந்தரமாக வைக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுக்கவேண்டாம். மழைக்கு ஒரு கூடு, காற்றுக்கு ஒரு நுரைப்பஞ்சுத் தொப்பி, காக்காய் உட்காராமலிருக்க முள்.

"கல்யாணத்துக்குப் பிறகு குணம் மாறாதுன்னு எழுதித் தருவானா?" வாஸ் கேட்டார்.

"எழுதியே கொடுத்திருக்கான் தலைவரே. ஒவ்வொரு மைக்குக்கும் அதுக்குன்னே சோதிச்ச அளவோட தனி ஜாதகம் வரும். இது தவறவே தவறாது!"

கைதட்டினார்கள். நான் இரண்டு முறை திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் தட்டினார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சிறு பின்னடைவு. மைக்குடன் சேர்த்து வாங்கவேண்டிய சோதனைக் கருவி ஒன்று உண்டு. சிறிய கிண்ணம்போல இருக்கும். மைக்கின் தலையில் கவிழ்த்தால் 94 டெசிபலில் ஒரே ஸ்வரத்தில் கூவும். மைக்கும் 94 காட்டினால் சரி. வாரம் ஒருமுறை இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. குழுவில் எடுத்துச் சொன்னேன்.

வாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் என்ன சொன்னீரு?"

"எதை?"

"தவறவே தவறாதுன்னீரு. மூணு தடவை சொன்னீரு. தவறவே தவறாதத எதுக்கு வே வாராவாரம் சோதிக்கணும்?"

பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லவேண்டுமானால் போன வாரக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். உட்கார்ந்துவிட்டேன். கிண்ணம் வாங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் வாஸ் சொல்வதும் நியாயம்தான். இவ்வளவு உயர்ந்த கருவியை வாரம்தோறும் சந்தேகப்படுவது ஒருவகையில் அவமரியாதை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வந்துவிட்டது! மாடியில் கம்பம் நட்டு ஏற்றிவிட்டோம்! கம்பத்தின் அடியில் எண் காட்டும் பெட்டி. வெல்வெட் பெட்டியைத் திறந்தபோது வாஸ்கூடக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விரல் பருமன்கூட இல்லை. தலையில் நுண்ணிய துளைகளோடு ஒரு உலோகக் கவசம். அதன்மேல் பஞ்சுத் தொப்பி போட்டதும் பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆவணி முகூர்த்தம். காலை முழுவதும் 84, 86. கெட்டிமேளத்தில் 91! இவ்வளவு அழகாக ஒரு கொடுமையை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். வரைபடத்தை லிஃப்டில் ஒட்டினேன். மக்கள் மேலே போகவேண்டிய வேலை இல்லாமலே லிஃப்டில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்.

"நான் சொன்னதுதான?" என்றாள் பிரமு. ஆம், ஆனால் அவள் எண்ணாகச் சொல்லவில்லையே.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சங்கத்தின் பொதுவான பூஜை கீழ்த்தளத்தில். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட் (இன்று ஓடியது), காவலாளியின் டார்ச் லைட், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வாஸ் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும் பொரிகடலைக்கு வருடம் தவறாமல் வருவார்.

மோட்டாருக்கு வைத்துவிட்டு மைக்குக்கு வைக்காமலிருக்க மனம் ஒப்பவில்லை. தட்டோடு நானே மாடிக்குப் போனேன். தொப்பியின் மேல் வைக்கலாம் என்றார் வாஸ். பொட்டை நெற்றியில் வைப்பதுதான் முறை. தொப்பியில் யாராவது வைப்பார்களா? பஞ்சைக் கழற்றி, உலோகத் தலையில் நல்ல குழைவான சந்தனத்தைத் தாராளமாக வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். கற்பூரம் காட்டினேன். பஞ்சைத் திரும்ப மாட்டினேன். கண் கலங்கிவிட்டது. புகையும் ஒரு காரணம்.

அக்டோபர் 27, திங்கள்

வெற்றி! வெற்றி!

புரட்டாசியில் கல்யாணம் இல்லாததால் அளக்க ஒன்றும் இல்லை. இன்று ஐப்பசியின் முதல் பெரிய கல்யாணம். கையில் எண்களை வைத்துக்கொண்டு இரண்டு முறை சரிபார்த்தேன். 54. கெட்டிமேளத்துக்கே 59. மஹால் உரிமையாளர் ராஜகனி திருந்திவிட்டார்! மாடியில் மைக் நிற்பதைத் தினமும் பார்த்துப் பார்த்து மனசாட்சி விழித்திருக்கிறது. அளக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதன் எவ்வளவு மேன்மையடைகிறான்!

வரைபடத்தை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர், "ஆமா, காலையிலயே நினைச்சேன், இன்னைக்கு என்னமோ ஒரு அமைதி" என்றார். வாஸ் கப்பல் எஞ்சின் பக்கத்தில் முப்பது வருடம் நின்றவர். "எனக்கு எப்பவுமே அமைதிதான் வே" என்றார்.

பிரமு மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தினாள். பழக்கம் போகவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ராஜகனி அண்ணாச்சியே லட்டுத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். இதுவரை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மட்டுமே பேசியவர்.

"சார், நான் ஒண்ணுமே மாத்தலியே. அதே குழாய், அதே செட்டுக்காரன். எப்படிக் குறைஞ்சுது?"

தன்னடக்கம். நல்லவராக மாறியவர்களுக்கு முதலில் வருவது அதுதான்.

"மைக் பொய் சொல்லாது அண்ணாச்சி."

"தவறவே தவறாதுங்கிறீங்க?"

"தவறவே தவறாது."

"அதைமட்டும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. மஹால் வாசல்ல போர்டு வைக்கணும். 'சத்தம் அளந்து சான்று பெற்ற மண்டபம்'."

எழுதிக் கொடுத்தேன். சங்க முத்திரையும் வைத்தேன். அவர் போனபிறகு பிரமு லட்டுத் தட்டை எடுத்துக் காவலாளியிடம் கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்துவதாக முடிவெடுத்திருக்கிறது. நான் மறுத்தேன். ஒருமுறைதான் மறுத்தேன்.

பிரமுவோடு சிறு கருத்து வேறுபாடு. காலையில் முகூர்த்தம். அவள் சொன்னது அப்படியே:

"எனக்கு மண்டை வெடிக்குது. ஜூலையில எப்படி வெடிச்சுதோ அப்படியே வெடிக்குது. ஒரு டெசிபல்கூடக் குறையல."

"55தான் காட்டுது பிரமு. உனக்கு மனப்பிரமை."

"அப்ப நான் சொல்லுதது பொய்யி."

"பொய்னு சொல்லல. நீ மனுஷி, அது கருவி. மனுஷக் காது நாளுக்கு நாள் மாறும். படிச்சிருக்கேன்."

அவள் எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியும் கேட்டது, நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மாறுதல் கலந்தாய்வு டிசம்பர் 11 என்று அறிவித்திருக்கிறார்கள். பிரமு விண்ணப்பித்துவிட்டாளாம். தென்காசியில் இடம் காலியாக இருக்கிறதாம். "நல்ல ஊர், சாரல் அடிக்கும்" என்றேன். 

நவம்பர் 30, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மதியம் பிரமு தாம்பாளமும் கரண்டியுமாக மாடிக்கு ஏறினாள். நான் பின்னால் போனேன். "அந்தப் பெட்டியில எண்ணு தெரியும்லா? பாத்துட்டே இருங்க" என்றாள். மைக்கின் முகத்துக்கு நேரே தாம்பாளத்தைப் பிடித்து, கரண்டியால் ஓங்கி அடித்தாள். எதிர்க் கட்டடத்துப் புறாக்கள் எல்லாம் எழும்பின. கீழே யாரோ "யாரு வே அது!" என்றார்.

பெட்டி 61 என்றது.

"திரும்ப அடி" என்றேன். 60.

"உங்க மைக்குக்குக் காது போயிட்டு" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. பல் போய்விட்டது என்பதுபோலச் சொன்னாள்.

பஞ்சுத் தொப்பியைக் கழற்றினேன். சந்தனம் துளைகள் எல்லாவற்றையும் நிறைத்து, இறங்கி, காய்ந்து, ஓட்டுச்சில்லுபோல இறுகியிருந்தது. நடுவில் குங்குமம். அழகாகத்தான் வைத்திருக்கிறேன்.

பிரமு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரித்திருக்கலாம். சிரிக்காமல் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். உள்ளே போய் அக்காவோடு போனில் வாடகை வீட்டைப் பற்றிப் பேசினாள். மஹாலில் பாட்டு ஓடியும் அது எனக்கு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டது.

டிசம்பர் 1, திங்கள்

இந்த விஷயம் எனக்கும் பிரமுவுக்கும் மட்டும்தான் தெரியும். பேசாமலிருந்தால் பொன்னாடை உண்டு, ராஜகனி போர்டில் என் பெயர் உண்டு. சாதாரணச் சூழல் பாதிப்பு என்று இதைக் குறிப்பிடலாமா? சந்தனம் சூழலில் இருப்பதுதானே.

டிசம்பர் 3, புதன்

விசாரணை. கோட்டாட்சியர் அறையில் வாஸ், நான், மனுவில் கையெழுத்திட்டவள் என்பதால் பிரமு. எதிரே ராஜகனி, என் வரைபடத்தைக் கண்ணாடித்தாள் ஒட்டி மடியில் வைத்திருந்தார்.

கோட்டாட்சியர் கண்ணாடியை மேலே ஏற்றினார். "உங்க அறிக்கைப்படியே ஐப்பசியில இருந்து மஹால் வரம்புக்குள்ள இருக்கு. அப்ப பிரச்சினை தீர்ந்துடுச்சா?"

"தீர்ந்துட்டு மேடம்" என்றார் ராஜகனி. "அவங்க மைக்கே சொல்லிட்டு. தவறவே தவறாதுன்னு சாரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு, பாருங்க."

வாஸ் தலையாட்டினார். பிரமு கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எழுந்து போகத் தயாராக இருப்பவள் உட்கார்ந்திருக்கும் விதம் அது. நான் எழுந்துவிட்டேன்.

"மேடம், ஐப்பசியில இருந்து இருக்கிற கணக்கு தப்பு."

"மைக் தவறாதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"மைக் தவறல மேடம். நான் அதுக்குப் பொட்டு வச்சிட்டேன்."

"என்ன வச்சீங்க?"

"பொட்டு. சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு."

தட்டச்சுச் சத்தம் நின்றது. கோட்டாட்சியர் பேனாவை மூடி, திரும்பத் திறந்தார். "எந்த இடத்துல வச்சீங்க?"

"நெத்தின்னு நினைச்சு வச்சேன் மேடம். அது காதா இருந்துட்டு."

வாஸ் இருமினார். இருமல் வெகுநேரம் நீடித்தது. ராஜகனிதான் முதலில் சுதாரித்தார். "அப்ப மொத்தக் கணக்கும் தப்புதான மேடம்? பூஜைக்கு முன்னாடி மட்டும் சரியா இருந்துதுன்னு யாரு சாட்சி?"

நியாயமான கேள்வி. கோட்டாட்சியரும் என்னைப் பார்த்தார். அந்தச் சோதனைக் கிண்ணம் இருந்திருந்தால் அது சாட்சி சொல்லியிருக்கும்.

"என் மனைவி மேடம்" என்றேன். "ஜூலையில என்ன சொன்னாளோ, அதையேதான் போன மாசமும் சொன்னா. இடையில மைக் மாறிச்சு, வரைபடம் மாறிச்சு, அதைப் பாத்துட்டு எங்க அடுக்ககமே மாறிச்சு. நானும் மாறிட்டேன். அவ அளவு மட்டும் மாறல. நான்தான் அதைக் கணக்குல எடுத்துக்கல."

கோட்டாட்சியர் பிரமு பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. எவ்வளவு சத்தம்?"

பிரமு எழுந்து நின்றாள். வகுப்பில் பேசும் குரல். "கல்யாண நாள்ல, கடைசி பெஞ்சுக்குக் கேக்கிற மாதிரிப் பேசினாத்தான் மேடம் எங்க வீட்டுல உப்பு கேட்டு வாங்க முடியும். ஆவணியிலயும் அப்படித்தான், ஐப்பசியிலயும் அப்படித்தான். அதனால நான் உப்பு கேக்கிறத விட்டுட்டேன். வேற எதையும் கேக்கிறதையும் விட்டுட்டேன்."

உத்தரவு: தகுதியுள்ளவர் வந்து மைக்கைச் சுத்தம் செய்து சோதித்து அறிக்கை தரவேண்டும், அதுவரை வெளியே இருக்கும் நான்கு குழாய்களும் இறங்க வேண்டும், பாட்டு மண்டபத்துக்கு உள்ளே மட்டும். கிண்ணம் உடனே வாங்கச் சொல்லி எங்களுக்கும் ஒரு வரி.

வெளியே வந்ததும் ராஜகனி என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "பூஜையில வச்சத அழிச்சா தோஷம் இல்லியா சார்?" உண்மையான கவலையோடு கேட்டார்.

பொன்னாடை பற்றி வாஸ் பேச்செடுக்கவில்லை. 

டிசம்பர் 10, புதன்

முகூர்த்த நாள். குழாய்கள் இறங்கிவிட்டன. மேளம் சுவருக்கு அப்பால் யாரோ சோபாவைத் தட்டித் தூசி எடுப்பதுபோல மட்டும் கேட்டது. சோதனை செய்யும் ஆள் நாளை வருகிறார். நாளைதான் கலந்தாய்வும்.

மாலை பிரமு பால்கனியில் உட்கார்ந்து சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கடல் கேட்டது. இந்த வீட்டிலிருந்து கடல் கேட்கும் என்பதே எனக்குத் தெரியாது.

"போகாத" என்றேன்.

"என்ன?"

"போகாதன்னு சொன்னேன்."

"கேக்கல."

மஹாலில் அப்போது சத்தமே இல்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

அவள் ஒரு சான்றிதழைத் திருப்பிப் பார்த்தாள். "ம்ஹூம். கேக்கல."

எழுந்து நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்துக் கத்தினேன்: "பிரமு, நீ தென்காசிக்குப் போகாத!"

மேல் வீட்டுப் பால்கனியிலிருந்து வாஸ் எட்டிப் பார்த்தார். "நாறும்பூநாதன், எனக்கே கேட்டுட்டு வே!"

பிரமு சான்றிதழ்களை ஒன்றாகச் சேர்த்து உறைக்குள் வைத்து, அலமாரியில் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். "ஆங். இப்ப கேட்டுது" என்றாள்.